கோர் கூடியும் டேட்டாபேஸ் வேகம் கூடவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் பனியன் கம்பெனி, ஸ்பின்னிங் மில், பம்ப் தொழிற்சாலை, கோழித்தீவன ஆலை என்று எதற்குள் போனாலும் ஸ்டாக்கும் சம்பளமும் பில்லும் ஏதோ ஒரு டேட்டாபேஸுக்குள்தான் கிடக்கின்றன. ஆள் கூடக்கூட அது திணறும். உடனே கோர் (சிப்புக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) அதிகமுள்ள பெரிய சர்வர் வாங்குவார்கள். அதற்குப் பிறகும் சில இடங்களில் திணறல் தீராது. அதன் காரணத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதுதான் இந்தப் பக்கம். சாஃப்ட்வேரைப் பராமரிக்கிறவர்களுக்காக எழுதியது. முதலாளிகள் முதல் இரண்டு கேள்விகளைப் படித்தால் போதும்.

8 கோர் மெஷினை எடுத்துட்டு 32 கோர் போட்டோமுங்க. ரிப்போர்ட் வர்ற நேரம் கொஞ்சமும் குறையலை. ஏமாத்திட்டாங்களா?

மெஷின் விற்றவர் மேல் தப்பில்லை. பொதுவாக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி) ஒரே கோரில்தான் ஓடும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் 9.6 பதிப்பிலிருந்து ஒரே குவெரியைச் சில கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அதுவும் எல்லாக் குவெரிக்கும் இல்லை. 10-ஆம் பதிப்பிலிருந்து, நாம் அமைப்பை மாற்றாவிட்டால் கூடுதலாக இரண்டு வொர்க்கரோடு (துணைப் பிராசஸோடு) நின்றுவிடும். இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் ஒரு குவெரிக்குப் பெரும்பாலும் ஒரு த்ரெட்டை, அதாவது ஒரு ஓட்டத்தைத் தாண்டாது. போதாக்குறைக்கு, கோர் அதிகமுள்ள சர்வர் சிப்களில் ஒவ்வொரு கோரின் கிளாக் வேகமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். தனி ரிப்போர்ட் ஒன்று புது மெஷினில் முன்னைவிட மெதுவாக வந்தால்கூட ஆச்சரியம் இல்லை.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். காலை ஏழு மணிக்கு, வேறு யாரும் உள்ளே இல்லாதபோதும் அந்த ரிப்போர்ட் மெதுவாகத்தான் வருகிறதா? அப்படியானால் இண்டெக்ஸை (தேடலுக்கான அட்டவணையை) பாருங்கள், குவெரி எழுதிய விதத்தைப் பாருங்கள். கோர் எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பத்துப் பேர் இருக்கும்போது நன்றாக ஓடி, இருநூறு பேர் நுழைந்ததும் படுத்துவிடுகிறதா? அப்படியென்றால் தொடர்ந்து படியுங்கள்.

லைசென்ஸால் கோர் வீணாகுமா?

ஆகும். இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசம் என்பதால் நம் பக்கத்துச் சிறு கம்பெனிகளில் அதுதான் அதிகம். 2022 பதிப்பு வரை அது 1 சாக்கெட் (போர்டில் ஒரு சிப் உட்காரும் இடம்) அல்லது 4 கோர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் தொடாது. பஃபர் நினைவகம் 1410 எம்பி, டேட்டாபேஸ் அளவு 10 ஜிபி. 64 ஜிபி ராம் போட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு 4 சாக்கெட் அல்லது 24 கோர்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விர்ச்சுவல் மெஷின் (ஒரு சர்வருக்குள் மென்பொருளால் அமைக்கும் தனி மெஷின்) அமைக்கிறவர் 16 சிபியுவை "16 சாக்கெட், ஒவ்வொன்றிலும் 1 கோர்" என்று கொடுத்துவிட்டால், எக்ஸ்பிரஸ் ஒரே ஒரு கோரை எடுத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட் நான்கோடு நிற்கும். அதையே "1 சாக்கெட், 16 கோர்" என்று மாற்றினால் தீர்ந்தது, செலவே இல்லை.

சிபியு 25 சதவீதம்தான் காட்டுது. அப்போ சிபியுவில் பிரச்சினை இல்லைதானே?

அந்த எண் சராசரி. 32 கோரில் ஒரு கோர் மட்டும் முழுக்க ஓடினால் மொத்தக் கணக்கில் 3 சதவீதம்தான் தெரியும். லினக்ஸில் எம்பிஸ்டாட் கட்டளையை எல்லாக் கோரையும் தனித்தனியாகக் காட்டும்படி ஓட்டுங்கள். ஒரு கோர் மட்டும் 100-இல் நின்றால், ஒற்றை த்ரெட்டில் ஓடும் ஏதோ ஒன்று நடுவில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் அப்படித்தான், ஒரு பிராசஸ் ஒரு கோர். நினைவகத்திலேயே டேட்டாவை வைக்கும் ரெடிஸும் கட்டளைகளை ஒரே த்ரெட்டில்தான் நிறைவேற்றுகிறது. நெட்வொர்க் கார்டின் இன்டரப்ட் (சிப்பைக் கூப்பிடும் சமிக்ஞை) எல்லாம் ஒரே கோரில் போய் விழுவதும் உண்டு.

எல்லாக் கோரும் சும்மா இருந்து வேலையும் நகரவில்லை என்றால், எல்லோரும் எதற்கோ காத்திருக்கிறார்கள்: ரோ லாக் (டேபிளின் ஒரு வரி மேல் விழும் பூட்டு), டிஸ்க், அல்லது அப்ளிகேஷன் பதில் சொல்லும் வரை. எல்லாக் கோரும் முழுக்க ஓடியும் ஒரு விநாடிக்கு முடியும் வேலை கூடவில்லை என்றால் கதை வேறு. கோர்கள் உழைக்கவில்லை, பூட்டு திறக்குமா திறக்குமா என்று ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டாஸ்க் மேனேஜருக்கு உழைப்பதும் சுற்றுவதும் ஒன்றுதான், இரண்டிலும் சிபியு நிறைந்தே தெரியும்.

நாலு மடங்கு கோர் போட்டா நாலு மடங்கு வேலை ஏன் ஆகாது?

1967-இல் ஜீன் ஆம்டால் சொன்ன கணக்கு இது. ஒரு வேலையில் 10 சதவீதத்தை ஒருவர் பின் ஒருவராகத்தான் செய்ய முடியும் என்றால், 8 கோரில் கிடைப்பது 4.7 மடங்கு, 32 கோரில் 7.8 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் 10 மடங்கைத் தாண்டாது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு நூறு வண்டி வரலாம், இறக்க முந்நூறு ஆள் இருக்கலாம். எடை மேடை ஒன்றுதான் என்றால் அதன் வேகம்தான் மண்டியின் வேகம்.

ஆனால் நடைமுறையில் வேகம் ஒரு இடத்தில் நின்றுகூடப் போவதில்லை, கீழே இறங்குகிறது. அதற்குக் கணக்குச் சொன்னவர் நீல் குந்தர். காத்திருப்பது ஒரு செலவு. ஒரு கோர் மாற்றியதை மற்ற கோர்களுக்குத் தெரியப்படுத்துவது இன்னொரு செலவு. முதலாவது மெதுவாகக் கூடும்; இரண்டாவது, கோர்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் எத்தனை ஜோடி வருமோ அந்தக் கணக்கில் கூடும். எக்ஸ்86 சிப்களில் கேஷ் 64 பைட் துண்டுகளாகத்தான் கைமாறுகிறது. முப்பது கோர் ஒரே எண்ணை மாற்றப் போட்டி போட்டால், அந்த 64 பைட் ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் 16 கோரில் கிடைத்ததைவிட 48 கோரில் குறைவாகக் கிடைக்கிற கூத்தெல்லாம் நடக்கிறது.

இதை எங்கள் சர்வரில் எப்படி அளப்பது?

கிளையன்ட் எண்ணிக்கையை 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று ஏற்றிக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு எத்தனை டிரான்சாக்ஷன் (சேர்ந்தே முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) முடிகிறது என்று குறியுங்கள். போஸ்ட்கிரெஸுக்குப் பிஜிபெஞ்ச் கூடவே வருகிறது, மைஎஸ்கியூஎல்லுக்கு சிஸ்பெஞ்சைத் தனியாகப் போட வேண்டும். முதலில் படிப்பதை மட்டும் ஓட்டுங்கள், பிறகு எழுதுவதையும் சேர்த்து ஓட்டுங்கள். படிப்பது நன்றாக ஏறி எழுதுவது மட்டும் தட்டையாகிவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகிவிடும்.

சோதனை ஓட்டும் புரோகிராமை வேறு மெஷினில் வையுங்கள். அதே மெஷினில் வைத்தால் அதுவே கோரைத் தின்னும், நீங்கள் டேட்டாபேஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எல்எஸ்சிபியு கட்டளை போட்டு உண்மையான கோர் எத்தனை, ஹைப்பர்த்ரெட் (ஒரே கோர் இரண்டாகக் காட்டிக்கொள்வது) எத்தனை என்று பாருங்கள். 16 கோர், 32 த்ரெட் மெஷினில் 16-க்கு மேல் வேகக் கோடு சாய்வது இயல்பு, அது நோய் இல்லை. ஒரு கோர் மட்டும் ஓடும்போது டர்போவில் கிளாக் ஏறியிருக்கும், எல்லாம் ஓடும்போது இறங்கிவிடும். அதனால் ஒற்றைக் கோர் அளவைப் பெருக்கிப் பார்த்து ஏமாறவும் வேண்டாம்.

எனக்குப் பிடித்த சோதனை தலைகீழானது. அதே பாரத்தை வைத்துக்கொண்டு டாஸ்க்செட் கட்டளை மூலம் டேட்டாபேஸுக்குப் பாதிக் கோரை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வேகம் அப்படியே இருந்தாலோ கூடினாலோ, புதுச் சிப் வாங்கும் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம்.

யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எங்கே பார்ப்பது?

போஸ்ட்கிரெஸில் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூ (உள்நிலையைக் காட்டும் பட்டியல்). 9.6 பதிப்பிலிருந்து அதில் காத்திருப்பின் வகையும் பெயரும் தனித்தனி நெடுவரிசையாக வருகின்றன. ஒரு தடவை பார்த்து ஒன்றும் தெரியாது. நெரிசல் நேரத்தில் விநாடிக்கு ஒரு முறை என்று சில நிமிடங்களுக்கு எடுத்து, எந்தப் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று கூட்டுங்கள். "லாக்" அதிகமானால் ரோவுக்கோ டேபிளுக்கோ அடிதடி. "எல்டபிள்யூலாக்" அதிகமானால் எஞ்சினின் உள்ளே நெரிசல். "ஐஓ" என்றால் டிஸ்க். அந்த நெடுவரிசை காலியாக இருந்தால் அந்த செஷன் சிபியுவில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மைஎஸ்கியூஎல்லில் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவும், அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் ஸ்டேட்டஸில் வரும் செமஃபோர் பகுதியும், எஸ்கியூஎல் சர்வரில் வெயிட் ஸ்டாட்ஸ் வியூவும் இதே வேலைக்கு. வெயிட் ஸ்டாட்ஸ் சர்வர் ஏறியதிலிருந்து கூட்டிக்கொண்டே வருவது. அதனால் நெரிசலுக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழித்துப் பார்க்க வேண்டும்.

லாக், லாட்ச் இரண்டும் ஒன்றா?

இல்லை. லாக் உங்கள் டேட்டாவைக் காப்பது. டிரான்சாக்ஷன் முடியும் வரை பிடித்திருக்கும். லாட்ச் எஞ்சினின் உள் அமைப்பைக் காப்பது. மைக்ரோசெகண்ட் கணக்கில் பிடித்து விடும். லாக் நெரிசலை உங்கள் புரோகிராமில் தீர்க்கலாம். லாட்ச் நெரிசலுக்குப் பெரும்பாலும் அமைப்பையோ பதிப்பையோ மாற்ற வேண்டும்.

பில் நம்பர் டேபிள்தான் எப்பவும் மாட்டுது. என்னங்க பண்றது?

நான் பார்க்கிற நெரிசலில் பெரும்பங்கு இங்கேதான். "கடைசி பில் நம்பர்" என்று ஒரே ரோ. ஒவ்வொரு பில்லும் டிரான்சாக்ஷன் தொடங்கியதும் அந்த ரோவில் ஒன்றைக் கூட்டி, பிறகு சரக்கு வரிகளை எழுதி, ஸ்டாக்கைக் குறைத்து, லெட்ஜரில் ஏற்றி, கடைசியில் கமிட் ஆகிறது (மாற்றங்கள் உறுதியாகின்றன). அதுவரை அந்த ரோ பூட்டியே கிடக்கும். 20 மில்லிசெகண்ட் பூட்டினால் விநாடிக்கு 50 பில்தான் போட முடியும். 4 கோரிலும் 50, 64 கோரிலும் 50.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆண்டு விற்பனை 5 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் பிற கம்பெனிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் ஐஆர்என் (இன்வாய்ஸின் அடையாள எண்) வாங்க வேண்டும். அந்த அழைப்பை டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்போதே செய்கிறார்கள். போர்ட்டல் 2 விநாடி எடுத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 30 பில். மொத்த ஆபீசும் அந்த ஒரு ரோவுக்குப் பின்னால் நிற்கும், சிபியு தூங்கும். பில்லை முதலில் "ஐஆர்என் பாக்கி" என்ற நிலையில் கமிட் செய்துவிடுங்கள். அழைப்பைத் தனியாக ஒரு வரிசையிலிருந்து எடுத்துச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ் 9.5-லிருந்தும் மைஎஸ்கியூஎல் 8.0-லிருந்தும் "பூட்டியிருந்தால் தாண்டிப் போ" என்னும் ஸ்கிப் லாக்ட் வசதி இருக்கிறது. இந்த மாதிரி வரிசைக்கு அது அருமையாகப் பொருந்தும்.

சீக்வென்ஸ் (டேட்டாபேஸே அடுத்த எண்ணைக் கொடுக்கும் வசதி) போட்டுவிடலாமே என்பார்கள். சீக்வென்ஸ் யாரையும் காக்க வைக்காது, உண்மை. ஆனால் ரோல்பேக் (பாதியில் ரத்து) ஆன எண் திரும்ப வராது, நடுவில் ஓட்டை விழும். ஜிஎஸ்டி விதி 46 தொடர் வரிசை எண் கேட்கிறது. ஆடிட்டர் விடமாட்டார். ஆனால் அதே விதி, 16 எழுத்துக்குள் ஒன்று அல்லது பல வரிசைகள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. கிளைக்கு ஒன்று, கவுன்டருக்கு ஒன்று, ஏற்றுமதிக்குத் தனி என்று பிரித்துவிட்டால் ஒரு ரோ பத்து ரோ ஆகிறது, நெரிசல் பத்தில் ஒன்றாகக் குறைகிறது. கூடவே எண் எடுக்கும் வரியைக் கமிட்டுக்குச் சற்று முன்னால் தள்ளுங்கள். இரண்டையும் செய்தால் பெரும்பாலான இடங்களில் பழைய மெஷினே போதும்.

எங்களுது பனியன் கம்பெனி. பண்டில் ஸ்கேன் பண்ணும்போது சிக்குது.

அதுவும் இதே நோய்தான், ரோ மட்டும் வேறு. கட்டிங்கிலிருந்து வரும் ஒவ்வொரு பண்டிலையும் டெய்லர் ஸ்கேன் செய்தவுடன் அந்த லாட்டின் "முடிந்த பீஸ்" என்ற எண்ணைக் கூட்டுகிறீர்கள் அல்லவா? ஒரே லாட் ஐந்து லைனில் ஓடினால் ஐந்து லைனும் ஒரு ரோவில் மோதும். கூட்டுவதை விட்டுவிட்டு ஸ்கேன் ஒவ்வொன்றையும் புது ரோவாக மட்டும் எழுதுங்கள். மொத்தத்தை நிமிடத்துக்கு ஒரு முறை கூட்டி வைத்துக்கொள்ளலாம். சூப்பர்வைசருக்கு ஒரு நிமிடம் பழைய எண் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

புது ரோ எழுதும்போதும், ஏறுவரிசை எண்ணை முதன்மைச் சாவியாக வைத்திருந்தால் எல்லாப் பதிவும் இண்டெக்ஸின் கடைசிப் பக்கத்தில் வந்து குவியும். எஸ்கியூஎல் சர்வரில் பேஜ்லாட்ச் காத்திருப்பாகத் தெரியும். 2019 பதிப்பில் இதற்கென்றே இண்டெக்ஸ் அமைப்பு ஒன்று வந்தது. ஆரக்கிளில் ரிவர்ஸ் கீ இண்டெக்ஸ் அல்லது ஹாஷ் பார்ட்டிஷன். அந்தக் காத்திருப்பை நேரில் பார்க்காமல் இதையெல்லாம் போட வேண்டாம். விநாடிக்குச் சில நூறு ஸ்கேன் என்ற அளவில் பெரும்பாலும் தேவைப்படாது.

32 கோர் இருக்கே, கனெக்ஷன் 1000 வைக்கலாமா?

வேண்டாம். 32 கோரில் ஒரு நேரத்தில் 32 வேலைதான் ஓட முடியும், மற்றவை வரிசையில்தான். அந்த வரிசை டேட்டாபேஸுக்கு வெளியே நின்றால் செலவில்லை, உள்ளே நின்றால் பூட்டையும் நினைவகத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். போஸ்ட்கிரெஸில் கனெக்ஷன் ஒவ்வொன்றும் தனிப் பிராசஸ். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்புக்கு முன்பு, சும்மா திறந்து கிடக்கும் கனெக்ஷன்கூட ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து டேட்டா நிலை) எடுக்கும் செலவைக் கூட்டிக்கொண்டிருந்தது. கோர் எண்ணிக்கையின் இரண்டு மடங்கில் பூலை (பகிர்ந்து பயன்படுத்தும் கனெக்ஷன் தொகுப்பை) தொடங்கி, அளந்து பார்த்து ஏற்றுங்கள்.

பெர்ஃப் டாப் ஓட்டினேன், ஏதேதோ பெயர் வருது.

பெர்ஃப் டாப், சிபியு எந்த வேலையில் செலவாகிறது என்று காட்டும் லினக்ஸ் கருவி. மேலே நிற்கும் பெயர் எஸ்_லாக் என்றால் போஸ்ட்கிரெஸ் ஸ்பின்லாக்கில் (சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டில்) சுற்றுகிறது. யுடி_டிலே என்றால் இன்னோடிபி சுற்றுகிறது. கர்னலின் ஸ்பின்லாக் பெயர் மேலே வந்தால் கனெக்ஷன் நெரிசலையும் நினைவக அமைப்பையும் பாருங்கள். ஒரே 64 பைட் துண்டுக்கு எந்தெந்தக் கோர் அடித்துக்கொள்கின்றன என்று காட்டப் பெர்ஃப் சி2சி இருக்கிறது. ஆனால் அதுவரை போக வேண்டிய நிலை எஞ்சின் எழுதுகிறவர்களுக்குத்தான் வரும். நமக்கு வேலை பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன் பிரித்தோம். அதற்குப் பிறகுதான் மெதுவானது!

பார்ட்டிஷன் என்பது ஒரு டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பது. குவெரியில் தேதி நிபந்தனை இல்லை என்றால் எல்லாப் பார்ட்டிஷனையும், அதனதன் இண்டெக்ஸ்களையும் பூட்டிப் பார்க்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் 17 வரை ஒரு செஷனுக்கு 16 பூட்டு மட்டும் சுலப வழியில் போகும். மீதி எல்லாம் பொதுவான லாக் டேபிளுக்குப் போய் மோதும். காத்திருப்புப் பட்டியலில் லாக் மேனேஜர் என்ற பெயர் அடிக்கடி வந்தால் இதுதான். தேதி நிபந்தனையைச் சேருங்கள், அல்லது வருடத்துக்கு ஒன்றாக்குங்கள்.

இரண்டு சாக்கெட் சர்வர் வாங்கலாமா?

நம் பக்கத்து நடுத்தரக் கம்பெனிக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு சாக்கெட் என்றால் நினைவகமும் இரண்டாகப் பிரிந்திருக்கும். அடுத்த சாக்கெட்டின் நினைவகத்தைத் தொட நேரம் கூடுதல். ஒரு பக்கம் ராம் நிறைந்து ஸ்வாப் ஆகும்போது (டிஸ்குக்கு மாறும்போது) மறுபக்கம் காலியாகக் கிடப்பதும் மைஎஸ்கியூஎல்லில் நடந்திருக்கிறது. அதற்காகத்தான் இன்னோடிபியில் நியூமா இன்டர்லீவ் (இரு பக்க நினைவகத்தையும் மாறி மாறிப் பயன்படுத்தும்) அமைப்பு இருக்கிறது. ஒரே சாக்கெட்டில் வேகமான கோர்கள், மிச்சப் பணத்துக்கு நல்ல எஸ்எஸ்டி. அதுதான் என் யோசனை.

எஸ்எஸ்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒவ்வொரு கமிட்டும் மாற்றக் குறிப்பேட்டை (log; பூட்டான லாக் அல்ல) டிஸ்கில் உறுதியாக எழுதிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மின்தடைப் பாதுகாப்பு இல்லாத சாதாரண எஸ்எஸ்டிகள் இந்த இடத்தில் மிகவும் தடுமாறும். அந்த நேரமெல்லாம் ரோ பூட்டு திறக்காது. பார்த்தால் கோர் பிரச்சினை மாதிரியே இருக்கும். ஸ்கேன் டேட்டாவுக்கு மட்டும் போஸ்ட்கிரெஸில் சிங்க்ரனஸ் கமிட்டை (டிஸ்கில் எழுதும் வரை காத்திருப்பதை) அணைக்கலாம். கரன்ட் போனால் கடைசி நொடி போகும், டேட்டாபேஸ் கெடாது. பில்லுக்கு வேண்டாம். எஃப்சிங்கை (டிஸ்கில் உறுதியாக எழுதச் சொல்லும் அமைப்பை) முழுதாக அணைப்பதை யுபிஎஸ் இருக்கிற தைரியத்தில்கூடச் செய்யாதீர்கள்.

சனிக்கிழமை சாயங்காலமும் மாசம் 10, 11-ம் தேதியும் மட்டும் படுத்துக்குது.

வாரச் சம்பளமும் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) கடைசி நாளும். அப்போது பெரிய ரிப்போர்ட்டுகள் ஓடும். நீளமான ரிப்போர்ட் ஒன்று மணிக்கணக்கில் திறந்திருந்தால் பழைய ரோ பதிப்புகளைத் துடைக்க முடியாது. எல்லோருடைய குவெரியும் குப்பையைத் தாண்டித் தாண்டி ஓடும். அந்த நேரத்துக்கு முன்பே காத்திருப்பு மாதிரிகளைச் சேகரிக்கும் ஸ்கிரிப்டைப் போட்டு வையுங்கள். திங்கள்கிழமை வந்து பார்த்தால் தடயம் இருக்காது. ரிப்போர்ட்டுகளை ரெப்ளிகாவுக்கு (டேட்டாபேஸின் இன்னொரு நகலுக்கு) மாற்றலாம்.

மைஎஸ்கியூஎல் 5.7-லேயே இருக்கோம். பதிப்பு மாத்தினா பலன் உண்டா?

குவெரி கேஷ் (பழைய பதில்களைச் சேமித்து வைக்கும் வசதி) ஆனில் இருந்தால் இன்றே ஆஃப் செய்யுங்கள். ஒரே பூட்டுக்குப் பின்னால் எல்லாக் கோரையும் நிறுத்திய அந்த வசதியை 8.0-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். பலன் உண்டு.

எல்லாத்தையும் கிளவுடுக்கு மாத்திட்டா சரியாகிவிடுமா?

இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் அங்கே சொல்லும் ஒரு விசிபியு பெரும்பாலும் ஒரு ஹைப்பர்த்ரெட்தான். 16 விசிபியு என்றால் 8 கோர் என்று கணக்கு வையுங்கள்.

அதைவிட முக்கியம் தூரம். அப்ளிகேஷன் திருப்பூரில், டேட்டாபேஸ் மும்பையில் என்று வையுங்கள். போய்வர 30 மில்லிசெகண்ட் என்றே எடுத்துக்கொள்வோம். ஒரு பில்லின் டிரான்சாக்ஷனுக்குள் 12 கட்டளை தனித்தனியாகப் போனால் 360 மில்லிசெகண்ட். பில் நம்பர் ரோ முதல் கட்டளையிலேயே பூட்டியிருந்தால் விநாடிக்கு மூன்று பில்கூடத் தேறாது. அப்ளிகேஷனையும் மும்பைக்கே மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்த 12 கட்டளையையும் ஒரே ஸ்டோர்டு புரொசீஜருக்குள் (டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் புரோகிராமுக்குள்) வைத்து ஒரு தடவையில் அனுப்புங்கள்.